சிறு சுற்றுலாவில் பலூன் சவாரிக்கு இடம் எது? கொங்கு நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

தை பிறக்கும் நாட்களில் பொள்ளாச்சி வானத்தில் ராட்சத பலூன்கள் மிதந்து செல்வது கடந்த பத்தாண்டுகளில் ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா, அரசின் சுற்றுலாத் துறையுடைய ஆதரவோடு, பொங்கலையொட்டிப் பெரும்பாலும் அந்த ஊரிலேயே நடந்துவந்து, 2025-ஆம் ஆண்டில் பத்தாவது விழாவாக நடந்தபோது சென்னையை அடுத்த திருவிடந்தைக்கும் மதுரைக்கும் பரவியது. அயல்நாட்டுத் திரைப்படங்களிலும் பத்திரிகைப் படங்களிலும் மட்டுமே நம்மவர் கண்டிருந்த ஒரு காட்சி, கோவையின் வட புறநகராகிய துடியலூரில் வேன் ஏறினால் விடிவதற்குள் சென்று சேரக்கூடிய தூரத்திற்கு வந்துவிட்டபடியால், கோவை வட்டாரத்தில் இரண்டு நாள் சுற்றுலா ஒன்றைத் திட்டமிடுகிற குடும்பமும், ஓய்வுபெற்றோர் சங்கமும், பள்ளி ஆசிரியர் குழுவும் ஒரு புதிய வினாவை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. வழிகாட்டியோடு கூடிய ஒரு சிறு பிரயாணத்தில் பலூன் சவாரிக்கு எந்த இடத்தைக் கொடுப்பது?

இவ்வினாவுக்கு மூன்று விதமான விடைகள் சொல்லப்படுகின்றன. பலூன் என்பது பணமுள்ளவர்களின் கேளிக்கை; அதனால் ஊரைப் பற்றிய அறிவு எதுவும் வளராது; ஆகவே சுற்றுலாத் திட்டத்தில் அதற்கு இடமே வேண்டாம் என்பது ஒரு கட்சி. வாழ்நாளில் ஒருமுறை கிட்டக்கூடிய அனுபவம் அது ஒன்றே. மற்றக் கோயில்களும் அணைகளும் எப்போதும் இருப்பவை. ஆகவே பலூனையே மையமாக வைத்து, ஏனையவற்றை அதைச் சுற்றி நிரப்பிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது கட்சி. விரும்பினவர் தனிக் கட்டணம் செலுத்தி ஏறட்டும், விரும்பாதவர் விட்டுவிடட்டும் என்பது மூன்றாவது கட்சி. இதுவே வியாபார உலகில் பெரிதும் வழங்குவது. பார்வைக்கு இது நியாயமாகத் தோன்றினாலும், விரும்பாதவர் அந்த நேரத்தில் என்ன செய்வார், விரும்பியும் காற்று இடந்தராமற்போனவர் எதைப் பெறுவார் என்னும் இரண்டு கேள்விகளுக்கு இது வாய் திறப்பதில்லை. மூன்றாவது கட்சியே சரியானது. ஆனால் அது முழுமை பெறவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதை நிலைநாட்டுவதற்கு முதலில் பலூனின் இயல்பையும், பிறகு நம் பிரதேசத்துக் காற்றின் இயல்பையும் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

பலூனின் இயல்பு

பிரான்ஸ் தேசத்து மோங்கோல்பியே சகோதரர்கள் காகிதத்தாலும் துணியாலும் செய்த பைக்குள் வெப்பக் காற்றை நிரப்பி 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பகிரங்கமாகப் பறக்கவிட்டார்கள். செப்டம்பரில் வெர்சேய் அரண்மனையின் முன்னால் ஓர் ஆடும், ஒரு வாத்தும், ஒரு சேவலும் ஆகாயப் பிரயாணிகளாயின. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி பிலாத்ர் தெ ரோசியே என்பவரும் தார்லாந்த் பிரபுவும் பாரிஸ் நகரத்தின்மேல் ஏறத்தாழ 25 நிமிஷம் கட்டின்றி மிதந்தார்கள். பின்னர் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூன்களின் செல்வாக்கால் வெப்பக் காற்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1960-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கராகிய எட் யோஸ்ட் புரோபேன் வாயு அடுப்பும் நைலான் துணியும் கொண்டு பறந்து காட்டிய பிறகே இன்று நாம் காணும் பலூன் உருவாயிற்று. இந்தியரான விஜய்பத் சிங்கானியா 2005-ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையிலிருந்து எழுந்து 21,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை எட்டி உலக சாதனை படைத்ததையும் இங்கே நினைவுகூர்வது தகும்.

பலூனை எழுப்பும் சக்தி மிக எளிய ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. 20 பாகை வெப்பமுள்ள காற்று ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ளது. அதையே 100 பாகைக்குச் சூடாக்கினால் எடை 0.95 கிலோ அளவுக்குக் குறைகிறது. இந்தக் கால் கிலோ வித்தியாசந்தான் மூலதனம். 3,000 கனமீட்டர் கொள்ளளவுள்ள பலூன் ஒன்று ஏறத்தாழ 750 கிலோவைத் தாங்கும். துணி, கூடை, அடுப்பு, எரிவாயுக் கலன்கள் ஆகியவை அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது போக, விமானியும் மூன்று நான்கு பேரும் ஏறலாம். வெளிக்காற்று சூடாகச் சூடாக இந்த வித்தியாசம் சுருங்குவதால், குளிர்ந்த மாதமும் விடியற்காலையும் பலூனுக்கு உகந்தவையாகின்றன. வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து கிளம்பும் அனல்காற்றுச் சுழல்கள் கூடையை அலைக்கழிக்கும் என்பதும் காலை வேளையைத் தேர்ந்தெடுப்பதற்கு மற்றொரு காரணம்.

இங்கே யாவரும் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், பக்கவாட்டில் எங்கே போவது என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது. வெவ்வேறு உயரங்களில் காற்றின் திசை சிறிது சிறிது மாறுவதை உபயோகித்து, தேர்ந்த விமானி ஓரளவுக்குத் தன் வழியை அமைத்துக்கொள்கிறார், அவ்வளவே. ஆகவே, திருவிழா மைதானத்தில் மாலை நேரத்தில் கயிற்றால் கட்டி நூறடி அளவில் ஏற்றி இறக்கும் சவாரியும், அதிகாலையில் கட்டின்றி மிதந்து பல கிலோமீட்டர் தள்ளி இறங்கும் பிரயாணமும் பெயரளவில் ஒன்றாயினும் தன்மையில் முற்றிலும் வேறானவை. முன்னதில் ஏறினவர் சில நிமிஷங்களில் புறப்பட்ட இடத்திலேயே இறங்குகிறார். பின்னதில் ஏறினவர் எந்தத் தோப்பில் இறங்குவார் என்பது புறப்படும்போது யாருக்கும் தெரியாது. சுற்றுலா விளம்பரத்தில் ‘பலூன் சவாரி உண்டு’ என்று மட்டும் அச்சிட்டு, இவ்விரண்டில் எது என்று சொல்லாமல் விடுவது பிரயாணிகளுக்குச் செய்யும் அநீதியாகும்.

கொங்கு நாட்டுக் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் நடுவே மதில்போல் நின்றாலும், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு அது திறந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்னும் இந்தத் திறப்பே கொங்கு நாட்டின் காற்றை ஆளுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பிரதேசங்களில் வேகமாக வீசுவதால்தான் அங்கே காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. அந்த மாதங்களில் பலூனை நினைப்பதற்கே இடமில்லை. மார்கழியிலும் தையிலும் நிலைமை மாறி, கீழைக்காற்று மெல்ல மேற்கு நோக்கிக் கணவாய்க்குள் செல்கிறது. பொள்ளாச்சியில் எழுந்த பலூன்கள் எல்லை கடந்து பாலக்காட்டு மாவட்டத்து வயல்களில் இறங்கியதாக நாளிதழ்களில் படித்தோமே, அதற்குக் காரணம் இதுவே; அது ஓர் அதிசயமன்று, இந்த நிலத்தின் அமைப்பிலிருந்து பிறந்த விளைவு.

துடியலூரிலேயே பலூன் ஏற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஊரின் மேற்கே குருடி மலையும் தடாகம் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. அங்கே யானைகள் இரவும் பகலும் இறங்கி வருகிற காட்டோரங்களில் ஒரு கூடை இறங்குவது மனிதருக்கும் விலங்குக்கும் அபாயம். கிழக்கிலும் தெற்கிலும் வீடுகளும், ஆலைகளும், மின்கம்பிகளும் நெருங்கியிருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் வானத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே துடியலூர் பிரயாணம் புறப்படும் ஊராக இருக்கலாமே தவிர, பலூன் புறப்படும் ஊராக இருப்பதற்கில்லை என்பது என் அபிப்பிராயம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே சென்று, பரந்த சமவெளியுடைய பொள்ளாச்சியை நாடுவதே முறை.

வழிகாட்டியின் கடமை

நமக்கு வழிகாட்டுதல் என்பது இரவல் வாங்கிய சரக்கு அன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் பிறருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படைகள். அவற்றுள் மலைபடுகடாம், வள்ளல் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்களுக்கு, வழியில் பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் எப்பக்கம் வரும், வழுக்கும் பாறைகளை எப்படிக் கடப்பது, எந்த ஊரார் என்ன உணவு தருவார்கள் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. அபாயத்தை மறைக்காமல் சொல்வது, விருந்தோம்புவாரை அடையாளம் காட்டுவது, கண்ணில் படுவதன் பொருளை விளக்குவது ஆகிய மூன்று கடமைகளும் அந்நூலிலேயே அமைந்திருக்கின்றன. இன்று ஒலிபெருக்கியில் கோயிலின் பெயரையும் சாப்பாட்டு நேரத்தையும் அறிவிப்பதோடு நின்றுவிடும் வழிகாட்டி, இந்த மரபின் கால்பங்கைக்கூட நிறைவேற்றவில்லை.

பலூன் விஷயத்தில் இக்கடமை இன்னும் கனமாகிறது. உயரே சென்றவர் காண்பது என்ன? தென்னந்தோப்புகளின் பச்சை விரிப்பு, நடுநடுவே வாய்க்கால்கள், தெற்கே ஆனைமலையின் நீலச்சுவர், மேற்கே மலை விலகி நிற்கும் கணவாய். விளக்கம் கிடைக்காதவருக்கு இது சில நிமிஷ அழகு. முந்தின நாள் மாலையிலேயே ஒரு வழிகாட்டி அமைதியாக உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருந்தால், அதே காட்சி ஒரு சரித்திரமாக விரியும். நொய்யலும், பவானியும், அமராவதியும் காவிரியைத் தேடிக் கிழக்கே போகின்றன. ஆனால் ஆழியாறு பாரதப்புழையில் கலந்து மேற்கே அரபிக் கடலுக்குச் செல்வது. மேற்கே சாய்ந்த இந்த நிலத்தின் நீரில் ஒரு பகுதியை மலைக்குள் குகைகள் குடைந்து கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். மேலேயிருந்து கோடுகளாகத் தெரியும் வாய்க்கால்கள் இரண்டு மாநிலங்கள் உடன்பட்டுப் பங்கிட்டுக்கொண்ட நீர் ஓடும் வழிகள். பச்சை விரிப்பின் நடுவே மஞ்சள் பூத்து நிற்கும் தென்னைகள் இருந்தால், அவை பொள்ளாச்சி விவசாயியைப் பல ஆண்டுகளாக வாட்டும் வேர்வாடல் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். இவ்வளவும் அறிந்து ஏறுகிறவர் அரைமணி நேரத்தில் பெறுவது, அறியாமல் ஏறுகிறவர் பத்து முறை ஏறினாலும் கிட்டாது. நிலத்தை அறிந்தவருக்கே வானம் பயன் தருகிறது. ஆகவே பலூனுக்கு முன்னால் வழிகாட்டி வரவேண்டும்.

இரண்டு நாள் ஏற்பாடு

மேற்சொன்னவற்றை அடிப்படையாகக் கொண்டு ஒரு மாதிரித் திட்டத்தை வகுத்துப் பார்ப்போம். புறப்படுவதற்கு முந்தின மாலை, துடியலூரை ஒட்டிய வடமதுரையில் விருந்தீஸ்வரர் கோயிலில் குழுவினர் கூடுவது நல்லது. சுந்தரருக்கு இறைவன் விருந்தளித்த தலமென்று புராணம் கூறும் அக்கோயிலை, மேட்டுப்பாளையம் சாலையில் நாள்தோறும் போய்வரும் பலர் உள்ளே சென்று பார்த்ததில்லை. சொந்த ஊரிலிருந்து தொடங்கும் பிரயாணமே மற்ற ஊர்களை மதிக்கக் கற்றுக்கொடுக்கும். அங்கேயே, மறுநாள் காண இருப்பதைப் பற்றிய வழிகாட்டியின் விளக்கமும் நடக்கலாம்.

ஜனவரி நடுவில் இங்கே சூரியோதயம் ஏறத்தாழ காலை 6.45 மணிக்கு. பலூனை விரிப்பது, காற்று நிரப்புவது, எடை பார்ப்பது முதலிய பூர்வாங்க வேலைகள் அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், துடியலூரிலிருந்து மூன்றரை மணிக்குப் புறப்பட்டு, உக்கடம், கிணத்துக்கடவு வழியாக ஐந்து மணியளவில் பொள்ளாச்சி சேரவேண்டும். பலூன் சவாரியை இரண்டாம் நாளுக்கு வைக்காமல் முதல் நாள் காலையிலேயே வைப்பது மிக முக்கியம். முதல் நாள் காற்று மறுத்துவிட்டால் இரண்டாம் நாள் காலை மிச்சமிருக்கும். இரண்டாம் நாளுக்கு ஒத்திவைத்த பின் காற்று மறுத்தால் மிஞ்சுவது ஏமாற்றம் ஒன்றே.

ஏறாதவர்களுக்குரிய ஏற்பாட்டில்தான் திட்டமிடுகிறவரின் சிரத்தை வெளிப்படும். அவர்களை மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காக்கச் செய்வது தகாது. பலூனைத் தரைவழியே பின்தொடர்ந்து செல்லும் வண்டி ஒன்று எப்போதும் உண்டு. அதன் பின்னே தாங்களும் ஒரு வேனில் சென்று, கிராமத்துச் சாலைகளையும், இளநீருக்கும் கொப்பரைக்கும் கயிற்றுக்கும் பெயர்பெற்ற தோப்புகளையும் பார்ப்பது பலூனில் ஏறுவதற்குக் குறையாத அனுபவம். பலூன் கோபாலபுரத்தையோ மீனாட்சிபுரத்தையோ தாண்டிக் கேரளத்துக்குள் போய்விடக்கூடுமாதலால், வேனுக்கு அண்டை மாநில அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெற்றிருக்கவேண்டும். செவ்வாய், வியாழக்கிழமைகளாயின் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைச் சுற்றிவருவதும் அவர்களுக்கு ஒரு நல்ல காலைப்பொழுது.

இரு பிரிவினரும் ஒன்றுகூடிச் சிற்றுண்டி அருந்திய பிறகு, சயனக் கோலத்தில் எழுந்தருளியிருக்கும் ஆனைமலை மாசாணியம்மனைத் தரிசித்து, ஆழியாறு அணையைக் கண்டு, வால்பாறைச் சாலையின் 40 கொண்டையூசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனை வரை ஏறலாம். அணையும் சமவெளியும் கீழே விரிந்து கிடக்கும் அந்த இடத்தில், காலையில் பலூனில் சென்றவர் கண்டதில் பெரும்பகுதியைச் செல்லாதவரும் கண்டுவிடுகிறார். இரண்டாம் நாள் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப். அங்கே, வெட்டி அழிக்கப்பட்ட தேக்குக் காட்டை மறுபடி வளர்த்தெடுத்த ஹியூகோ வுட்டின் சமாதியையும் தரிசித்துவிட்டு, மாலையில் ஊர் திரும்பலாம்.

திருவிழா நாட்கள் ஆண்டில் மிகச் சிலவே. மற்ற மாதங்களில் வருகிறவர்களுக்கு வடக்கு வழி இருக்கிறது. துடியலூர் வழியாகச் செல்லும் ரயில் பாதை முடிகிற மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயில் தொடங்குகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் எட்டி, 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அந்த ரயில், செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தின் துணையோடு, மொத்தம் 46 கிலோமீட்டர் ஏறிப் பிரயாணியை மெல்ல மெல்ல உயரத்துக்குக் கொண்டுசெல்கிறது. பில்லூர் அணையை ஒட்டிய பரளிக்காட்டில், வனத்துறையும் மலைவாழ் மக்களும் சேர்ந்து நடத்தும் பரிசல் பயணம் வேறொரு நல்ல முன்மாதிரி. அந்த மண்ணில் பிறந்தவர்களே அங்கே வழிகாட்டிகளாகவும் விருந்தோம்புவோராகவும் இருக்கிறார்கள்.

மூவர் சம்மதம்

விருப்பத்திற்கு விடப்பட்ட சவாரி என்றால், அந்த விருப்பம் யாருடையது என்பதை ஆராயவேண்டும். முதலாவது பிரயாணியினுடையது. அது உண்மையான விருப்பமாக இருக்கவேண்டுமானால் கட்டணம் சுற்றுலாத் தொகையில் கலக்காமல் தனியே நிற்கவேண்டும். பறக்க முடியாவிட்டால் பணம் திரும்ப வரும் விதம் எழுத்தில் இருக்கவேண்டும். குழுவில் ஒருவர் வேண்டாமென்றால் மற்றவர் வற்புறுத்தாத நாகரிகம் வேண்டும். கருவுற்ற பெண்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முழங்கால், முதுகெலும்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள், கூடையின் சுவருக்கு மேலே பார்க்கும் உயரம் இல்லாத குழந்தைகள் ஆகியோர் ஏறாமலிருப்பதே நலம்; ஏனெனில் இறங்கும்போது கூடை தரையில் மோதி இழுபடுவது சாதாரணம், முழங்காலை மடித்து உறுதியாகப் பிடித்துக்கொள்ளவேண்டியிருக்கும்.

இரண்டாவது விமானியினுடையது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எகிப்தின் லக்ஸர் நகரில் தீப்பற்றி விழுந்த பலூனில் 19 பேரும், 2016-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்கம்பியில் மோதிய பலூனில் 16 பேரும் மாண்டார்கள். விவசாயப் பம்புசெட்டுகளுக்காகவும் காற்றாலைகளுக்காகவும் மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நம் கொங்கு நாட்டில் இவற்றை மறப்பதற்கில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும், விமானியின் உரிமமும், காப்பீடும் இருக்கின்றனவா என்று கேட்டறிவது மரியாதைக் குறைவாகாது. அது திட்டமிடுகிறவரின் கடமை. ‘இன்று வேண்டாம்’ என்று விமானி சொல்லிவிட்டால், ‘தூரத்திலிருந்து வந்திருக்கிறோமே’ என்று எவரும் அவரை நிர்ப்பந்திக்கக்கூடாது.

மூன்றாவது காற்றினுடையது. அதனிடம் முறையீடு கிடையாது. இந்த மூவரோடு, பலூன் இறங்கும் நிலத்துக்கு உடையவரையும் மறக்கலாகாது. அறுவடைக்கு நிற்கும் வயலில் ஒரு கூடையும், அதைப் பார்க்க ஓடிவரும் நூறு பேருடைய கால்களும் பதிந்தால் நஷ்டம் விவசாயிக்கே. அவரிடம் பணிவாகப் பேசி, சேதத்துக்கு ஈடு செய்து, நன்றி சொல்லிப் புறப்படும் வழக்கத்தை இப்போதே நிலைப்படுத்தினால்தான், வரும் ஆண்டுகளிலும் கிராமங்கள் பலூன்களை முகமலர்ச்சியோடு வரவேற்கும்.

முடிவு

பலூன் வேண்டவே வேண்டாமென்ற முதல் கட்சியார், உயரத்திலிருந்து நிலத்தைக் காண்பதில் அறிவு உண்டு என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பலூனே எல்லாம் என்ற இரண்டாம் கட்சியார், காற்றின்மேல் கட்டிடம் எழுப்புகிறார்கள். விருப்பமுள்ளவர் ஏறட்டும் என்ற மூன்றாம் கட்சியாரிடம் நாம் கேட்டுக்கொள்வது, பலூனை நீக்கிவிட்டுத் தங்கள் திட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும் என்பதே. அப்போதும் அந்த இரண்டு நாட்கள் ஒரு முதியவருக்கும் ஒரு சிறுவனுக்கும் நிறைவு தருமானால் திட்டம் சரியானது. பலூன் அதன்மேல் வந்து சேரும் பேறு. அப்போது ஓட்டை தெரியுமானால், அந்த ஓட்டையைப் பலூனால் அடைக்க முடியாது. நல்ல வழிகாட்டியையும் நல்ல ஏற்பாட்டையும் கொண்டே அடைக்கவேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிரயாணங்களைத் துடியலூரிலிருந்தும் கொங்கு நாட்டின் மற்ற ஊர்களிலிருந்தும் நடத்தக்கூடிய அறிவும், நிலவளமும், விருந்தோம்பும் மனமும் நம்மிடம் நிறைந்திருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மட்டுமே நம்மைச் சேர்ந்தது.